கப்பல் வரலைன்னு சொன்ன மருந்து

ஜஸீலா: நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோமா இல்லையா மச்சான்? அத மட்டும் சொல்லுங்க.

சமது: ஏன் புள்ள இப்ப... சாப்பிட்டு முடிச்சுக்கிறேன்.

ஜஸீலா: முடிச்சதும் கடைக்கு ஓடுவீங்க. ஓசிடின்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர், ரெண்டு மாசங்கழிச்சு வரச் சொன்னாரு. நாளையோட ரெண்டு மாசம்.

சமது: எழுதுன மாத்திரையே இன்னும் கெடைக்கல. வெறுங்கைய வீசிக்கிட்டுப் போய் என்னத்தச் சொல்லுவ?

ஜஸீலா: ஏன் கெடைக்கல?

சமது: எத்தன தடவ சொல்றது? மெயின்லேண்ட்லேருந்து நம்ம தீவுக்குக் கப்பல் வந்தாத்தான் அந்தச் சரக்கு.

ஜஸீலா: உங்க கடைக்கு வாளியும் குடமும் வாராவாரம் வந்து எறங்குதே. அது நீந்தியா வருது?

சமது: அது வேற கப்பல்.

ஜஸீலா: ஓ... வாளிக்கு ஒரு கப்பல், மாத்திரைக்கு ஒரு கப்பல்.

சமது: கிண்டலு... இப்ப என்ன அவசரம்? உனக்குத்தான் கொறஞ்சிருச்சே. முந்தி தொழுகைக்கு ஒளூ செய்யப் போனா முக்கா மணி நேரம். கைய மூணு தடவ கழுவுனமா, ரெண்டு தடவதானான்னு சந்தேகம். மறுபடி மொதல்லேருந்து. நான் பாத்ரூம் வாசல்ல நின்னு, 'ஆச்சு புள்ள, நான் எண்ணிட்டேன்'னு கத்தணும். பைப்புல தண்ணி வர்றதே மூணு நாளைக்கு ஒருக்கா. ரெண்டு டிரம்மும் மொத நாளே காலி. இப்ப?

ஜஸீலா: இப்ப?

சமது: பத்தே நிமிஷம். நான் வாசல்ல நிக்கிறதே இல்ல. எல்லாம் உம்மா கீழக்கரையிலேருந்து ஓதி அனுப்புன தண்ணியோட பரக்கத்து.

ஜஸீலா: அந்தத் தண்ணி வந்த கப்பல்லயும் மாத்திரை வரலையாக்கும்.

சமது: கொஞ்சம் ரசம் ஊத்து புள்ள.

ஜஸீலா: பேச்ச மாத்தாதீங்க. துவைக்கப் போட்ட உங்க சட்டைப் பையிலதான் டாக்டர் சீட்டு கெடந்துச்சு. கராச்சர்மா பஸ் ஏறிப் போய் மெடிக்கல்ல காட்டுனேன். 'இந்த தவாய் எப்பவும் இருக்கே தீதி'ங்கிறான் அந்த ஆளு.

சமது: யாரக் கேட்டுப் போன?

ஜஸீலா: நீங்க யாரக் கேட்டுப் பொய் சொன்னீங்க?

சமது: மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு.

ஜஸீலா: இருக்கட்டும். எனக்கு வயிறு எரியுது மச்சான். உங்க சுகர் மாத்திரைய வேளா வேளைக்கு நான் எடுத்து வைக்கிறேன். எனக்கு மட்டும் கப்பல் வரல.

சமது: சுகரும் இதுவும் ஒண்ணா? வெளிய தெரிஞ்சா பாகல், பைத்தியம்னுருவானுங்க. ஜைனபுக்கு மாப்பிள்ள பேசிக்கிட்டிருக்கோம். மதினிக்காரி மூளைக்கு மாத்திரை திங்கிறான்னா எவன் வருவான்?

ஜஸீலா: உங்க தங்கச்சி நிக்காஹ் முடியிற வரைக்கும் நான் கைத்தோல் உரிய உரிய கழுவிக்கிட்டே கெடக்கணும்.

சமது: அப்படியில்ல... அல்லாஹ் மேல ஈமான் உறுதியா இருந்தா இந்த வஸ்வாஸ், சந்தேகமெல்லாம் தானாப் போயிரும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதத்தான் சொன்னாரு.

ஜஸீலா: ஹஜ்ரத் சொன்னாரா?

சமது: ஆமா.

ஜஸீலா: அல்லாஹ் மேல ஆணையா?

சமது: அதுக்கெதுக்கு ஆணையெல்லாம்...

ஜஸீலா: அவங்க வீட்டம்மா எங்கிட்டச் சொல்லிட்டாங்க. 'இது ஈமான் கொறச்சல் இல்ல, நோய். வைத்தியம் பாருங்க'ன்னு உங்களக் கூப்பிட்டு வச்சுச் சொன்னாராம். அத ஏன் முழுங்குனீங்க? என் ஈமான்லதான் ஓட்டைன்னு நான் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அழுதேனே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?

சமது: தெரிஞ்சுச்சு.

ஜஸீலா: தெரிஞ்சுமா?

சமது: பயந்துட்டேன் புள்ள. ஜைனபு கல்யாணம் ஒரு பக்கம்... அதத் தின்னா நீ நாள் முழுக்கத் தூங்கி விழுவியோ, ஆளே மாறிப் போவியோன்னு... அதான். இப்பத் தானா சரியாயிட்டு வருதுல்ல? அந்த மாத்திரையத் தொடவே மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. இந்தப் பேச்ச இத்தோட விட்டுருவோம்.

ஜஸீலா: நான் தூங்கி விழுறேனா மச்சான்? ஆளு மாறிட்டேனா?

சமது: இல்லையே... நல்லாத்தான இருக்க. முந்தி மாதிரி சிரிக்கிற. என்னையக் கிண்டல்கூடப் பண்ற.

ஜஸீலா: கராச்சர்மாவுக்கு நான் போனது வெறுமனே கேக்க இல்ல. அன்னைக்கே வாங்கிட்டு வந்துட்டேன். இன்னையோட அம்பது நாளு, ஒரு வேளை விடல. இன்னும் முழுசாப் போகல, ஆனா போகும்னு தெரியுது. உங்க வாயால 'வா, நானும் கூட வர்றேன்'னு ஒரு வார்த்த வந்துராதான்னுதான் இம்புட்டு நேரம் கேட்டுக்கிட்டிருந்தேன். நீங்க சாப்பிடுங்க. நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்ல நானே போய்க்கிறேன்.