காலியாக வந்த கூடை

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பங்குப் பேரவைப் பெரியோர்களே, மந்தைவெளியிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, எல்லாருக்கும் முன்பாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாக்கத்துச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும் என் துயரம் தோய்ந்த வணக்கம்.

கடந்த வியாழக்கிழமை நம்மை விட்டுப் பிரிந்த திருமதி கிளாடிஸ் பிரகாசம் அவர்களை நான் இருபது ஆண்டுகளாக அக்கா என்றே அழைத்தேன். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். இந்த மன்றத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் கிடந்த இடத்தைத் தோட்டமாக்கியவர். அக்கினி வெயிலிலும் அங்கே வெண்டை காய்த்தது, புடலை தொங்கியது, பீர்க்கங்காய் பந்தலை மூடியது. சனிக்கிழமைதோறும் முப்பத்திரண்டு வீடுகளுக்கு முப்பத்திரண்டு கூடைகள் போயின.

தோட்டக் குழுச் செயலாளர் என்று எனக்கு ஒரு பட்டம். அந்த மிதப்பில் ஒருமுறை நேரான புடலங்காய்களை அடையாறு அடுக்குமாடிக்காரர்களுக்கும், கோணலானவற்றைப் பெரும்பாக்கத்துக்கும் பிரித்து வைத்தேன். அக்கா வந்தார், பார்த்தார், அத்தனை கூடைகளையும் பாயில் கவிழ்த்தார். "லாய்ட், கண்ணை மூடிக்கிட்டு மறுபடியும் பிரி" என்றார். பிரித்தேன். வேறென்ன செய்ய?

அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். கூடை காலியாகத் திரும்பக் கூடாது! அந்த வாரம் சமைத்த காயின் தோலும் காம்பும் செய்தித்தாளில் சுற்றி வர வேண்டும். உரக்குழிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தோம். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் அவர் பிரித்துப் பார்ப்பார். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று அதில் அவருக்குத் தெரிந்துவிடும்.

இதோ, தேவானை அம்மாள் அமர்ந்திருக்கிறார். ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்து, குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை அவர் கூடை வெறுமையாக வந்தது. கூடைகளை ஏற்றிச் செல்லும் ஷாஹுல் ஹமீது பாயின் ஆட்டோவில் அக்காவும் ஏறிக்கொண்டார். அங்கே தேவானை அம்மாள் காலில் அடிபட்டு, அடுப்படியில் நிற்க முடியாமல் கிடந்தார். போன வாரத்துக் காய் மூலையில் வாடிக்கிடந்தது.

"இன்னாம்மா, இம்மாந்தூரம் வந்துக்கிற? நான் யாராண்டயும் ஒண்ணியும் சொல்லலியே!" என்றாராம் தேவானை அம்மாள்.

"உன் கூடை சொல்லிடுச்சு" என்றபடி அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாராம். பத்து நாள் போய் வந்தார்.

அன்பர்களே, எல்லார் கூடையையும் பார்த்தவரின் கூடையை யார் பார்த்தது? அதற்கும் அவரே ஓர் ஆளை வைத்திருந்தார். அந்த ஆள் நான்தான்.

இந்தக் கோடையில் அவர் கூடை மூன்று சனிக்கிழமை தொடர்ந்து காலியாக வந்தது. மூன்றையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? கேலி செய்தேன்! "சட்டம் போட்டவங்களே மீறலாமாக்கா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். "தோல் சீவப் பொறுமையில்லப்பா, அப்படியே சாப்பிடறேன்" என்றார். நாம் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

வயிற்றில் நோய் முற்றியிருந்தது என்று மருத்துவர் பிறகு சொன்னார். பல வாரமாகக் கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லையாம். அவர் பங்குக் காய் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. என் வீட்டிலிருந்து அவர் வீடு நான்கு தெரு. நான் போகவில்லை. இதை உங்கள் முன் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை நாம் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். கூடைகள் போகவில்லை. இன்று காலை தோட்டத்துக்குப் போனேன். பறிக்காத வெண்டை நாராக முற்றிக்கிடக்கிறது. ஆனால் வாசலில் முப்பத்தோரு கூடைகள் இருந்தன. காய் வராத வாரத்திலும் தோலும் காம்புமாக வீடுவீடாகச் சேகரித்து, ஹமீது பாய் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். கடையில் வாங்கிய காயின் தோல்! சட்டத்தை யாரும் மீறவில்லை.

நாளை மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தோட்டம் திறந்திருக்கும். பறிக்கக் கைகள் வேண்டும், வாருங்கள். அக்காவின் கூடையும் நிறையும். தனியாக வாழும் ஒருவர் வீட்டுக்கு அது போகும்.

எங்கள் அன்பு கிளாடிஸ் அக்கா! இனி ஒவ்வொரு பொட்டலத்தையும் நான் பிரித்துப் பார்ப்பேன். காலியாக ஒரு கூடை வந்தால் கேலி பேச மாட்டேன். அன்றைக்கே போய்க் கதவைத் தட்டுவேன்.