ஹார்லிக்ஸ் கொண்டுபோனவள்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று கேளுங்கள், வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் போலீஸ் ஸ்டேஷன் என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

செல்வமாரி எதிர்வீட்டுப் பெண். இருபத்து மூன்று வயது, தையல் கடையில் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை இருட்டில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டு வழியே வந்தவளை ஒருவன் மறித்துக் கெடுத்துவிட்டான். முகத்தில் துண்டு. ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு முதலில் போனது நான்தான், ஹார்லிக்ஸோடு. மற்றவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

“மூஞ்சியப் பாக்கலக்கா. தீக்குச்சி மருந்து வாடை அடிச்சுது” என்றாள்.

“அது ஆட்டு வாடைட்டி. பயத்துல ஒனக்குத் தெரியல.”

கோவில்பட்டியில் பாதிச் சனம் தீப்பெட்டி ஆபீஸில்தான் இருக்கிறது. அந்த வாடையை வைத்து யாரைப் பிடிப்பது? அந்த வாரம் அதே காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவன் மாயகிருஷ்ணன். கோயில் கொடை விழாவில் எடுத்த போட்டோவில் நின்றான். போனில் பெரிதாக்கிக் காட்டினேன். மூன்று நாள் விடாமல் காட்டினேன். மூன்றாம் நாள் அவளே சொன்னாள், “இந்தக் கண்ணுதாங்க்கா.” ஜெயிலில் நடந்த அடையாள அணிவகுப்பில் தடுமாறாமல் அவனைத் தொட்டாள். வேறு தடயங்களை மழை கழுவியிருந்தது. பத்து வருஷம் போட்டார்கள்.

மதுரையில் அப்பீல். முன்கூட்டியே யாரோ போட்டோ காட்டியிருக்கிறார்கள் என்றார் அவன் வக்கீல். கெட்டிக்காரர்தான், ஆனால் சாட்சி வேண்டுமே. போட்டோ பேச்சை எடுத்தால் எல்லாமே பொய் என்பார்கள் என்று செல்வமாரிக்கு நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன்.

மாயகிருஷ்ணன் மனைவி ஆவுடைத்தாய் என் வீட்டுக்கே வந்தாள்.

“போட்டோ காட்டுனது நீங்கதான்னு ஊரே சொல்லுதுக்கா. ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. அவிய உள்ளயே செத்துருவாவ.”

“நான் ஹார்லிக்ஸ்லா கொண்டுபோனேன், தாயி.”

காபி கொடுத்தேன். தொடாமல் போய்விட்டாள். வீணாக்க மனமில்லாமல் நானே குடித்தேன்.

முந்தாநாள் அப்பீல் தள்ளுபடி. இனி யாரிடம் சொன்னால் என்ன?

என் வீட்டுக்காரர் வெயிலுமுத்துவுக்குத் தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. அதிர்ந்து பேசமாட்டார். அந்த மழை ராத்திரி சட்டையெல்லாம் கரிசல் மண் அப்பி வந்தார். வழுக்கி விழுந்தாராம். துவைத்தால் மண் போகும், வாடை போகாது என்று சட்டையை அடுப்பில் வைத்தேன். செல்வமாரியைத் தேடி அப்போது இன்னும் யாரும் கிளம்பியிருக்கவில்லை. புதுச் சட்டையை ஏன் எரிக்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் எனக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.