அண்ணாவின் பெயரில் ஒருவன்

டுப்.

ஒன்று. இரண்டு. மூன்று. அண்ணா உரக்க எண்ணுகிறான். இராணுவ முகாமிலிருந்து பீரங்கிச் செல் கிளம்புகிற சத்தம் அது. கேட்டவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். பதினொன்றில் எங்கேயோ விழும். அதற்குள் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

1996. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. அப்பாவின் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டில் பார்த்தேன். அந்த நேரத்தில் ஏன் மணி பார்த்தேன் என்று தெரியாது. நாங்கள் நான்கு பேர். அப்பா சைக்கிளைத் தள்ளுகிறார். கரியரில் அம்மாவின் தையல் மெசினின் தலைப்பாகம், சாக்கில் சுற்றியது. கால் பாகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டோம். எனக்குப் பதினாலு வயது. அண்ணாவுக்குப் பத்தொன்பது. அம்மா கடைசியாக வருகிறார். செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு வருகிறார்.

பதினொன்று. விழுந்தது. வேலிக்கு அப்பால். எழும்பி ஓடினோம்.

டுப். அண்ணா மறுபடி எண்ணுகிறான். இந்தமுறை ஒன்பதிலேயே விழுந்தது. காது அடைத்தது. சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம் மட்டும் உள்ளே. திரும்பிப் பார்த்தேன். அம்மா எங்கள் கிணற்றடியில் கிடந்தார். அசையவில்லை.

"நீ அப்பாவோட ஓடு! நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாறன்! ஓடடி!"

அண்ணா திரும்பி ஓடினான். இடுப்பில் நீலச் சாரம். மேலே சட்டை இல்லை. அடுத்த சத்தத்தை எண்ண எங்களிடம் ஆளில்லை. கிணற்றடி முழுக்கப் புகை. அது விலகுவதற்குள் பின்னால் வந்த சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அண்ணா செத்ததை நான் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்.

கடற்கரையில் ஆறு நாள் கிடந்தோம். ஒவ்வொரு நாளும் வருகிற சனத்திடம் கேட்டோம். நீலச் சாரம் கட்டின பெடியனைக் கண்டீர்களா? ஒருவரும் காணவில்லை. ஏழாம் நாள் படகு. பிறகு இராமேஸ்வரத்துப் பக்கத்து மணல். பிறகு கும்மிடிப்பூண்டி அகதி முகாம். ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை. மறுபக்கம் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். பத்துக்குப் பத்து அறை. சுவருக்குப் பதில் தார்ப்பாய். அப்பா பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் பொன்னேரி, செவ்வாப்பேட்டை என்று போய்வந்தார். மாதம் இரண்டுமுறை முகாமில் ஆள் எண்ணுவார்கள். அன்றைக்கு யாரும் வெளியே போக முடியாது.

தலை எண்ணுவதற்கு ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுகிற நிவாரண அலுவலர் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஒரு காலை வருவார், மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடுவார். அன்றைக்குத் தவறவிட்டால் இன்னொரு மூன்று மாதம். அதனால் முகாமில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அவர் வருகிற நாளில் கையில் இருப்பதை அன்றே எழுதிக் கொடுத்துவிடுவோம். அப்பா அண்ணாவின் படிவத்தை வருடம் தவறாமல் புதுப்பித்தார். 2003 தையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கு முதல் வாரம் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். படிவத்தை விட்டுவிடாதே. விடமாட்டேன் என்றேன்.

அப்போது நான் பிளாஸ்டிக் குடம் வார்க்கிற கம்பெனியில் வேலை செய்தேன். அச்சு திறந்து குடம் விழும். விளிம்பில் துருத்துகிற பிசிறைக் கத்தியால் சீவ வேண்டும். அச்சு மூடும்போது ஒரு சத்தம் வரும். டுப். சேர்ந்த முதல் மாதம் முழுக்க நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். எங்கள் வரிசையைப் பார்த்துக்கொள்கிற மல்லிகா அக்கா ஆர்.கே.பேட்டைக்காரி. ஒருநாள் என் தோளைத் தட்டினாள்.

"இன்னாடி, குடத்த எண்ணிக்கினு கீறியா? அத்த மெசினே எண்ணும்டி. நீ கைய பாத்துக்க, கத்தி பட்டுடப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மனதுக்குள் மட்டும் எண்ணினேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஷாகுல் பாய் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெசின், ஒரு டெலிபோன் பூத். அண்ணாவின் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது அதை வாசித்துவிட்டு அவர்தான் சொன்னார்.

"இத்த வச்சிக்கினு எத்தினி வருசம்மா சுத்துவ? நெட்டுல போடு. எங்க மாமா புள்ள துபாய்ல காணாம பூட்டான். நெட்டுல போட்டுத்தான் புட்ச்சோம். குந்து, நான் கத்துத் தரேன்."

குந்தினேன். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் விழும் என்று காட்டினார். வெளிநாடுகளில் இருக்கிற எங்கள் ஊர்ச்சனம் ஒரு இணையத்தளம் நடத்துவதைக் கண்டுபிடித்தோம். அதில் குடும்ப வேர்களைத் தேடுகிறவர்களுக்கென்று ஒரு பகுதி. தாத்தாவின் தாத்தா யார், எந்தக் கோயிலில் யார் கொடியேற்றத் திருவிழாவுக்கு உரிமைக்காரர் என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் 2005 மார்கழியில் எழுதினேன். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், அண்ணாவின் பெயர். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாராவது உயிரோடு இருந்தால் எழுதுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யாராவது ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் சொல்லுங்கள். எங்கள் கிணற்றடியில் எத்தனை உடல் கிடந்தது? ஒன்றா, இரண்டா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் வாரம் பதினாலு பதில். பன்னிரண்டு அனுதாபம். ஒன்று, அது எங்கள் கிணறல்ல, கோயில் கிணறு என்று சண்டை. மிச்சம் ஒன்று 'ஊரான்' என்கிற பெயரில் வந்தது.

'நான் அடுத்த ஊர்தான் அக்கா. தேடித் தாறன். ஆனால் நுணுக்கமாய் எழுதுங்கோ. நேரம், சத்தம், உடுப்பின் நிறம். விபரம் கூடினால்தான் ஆளை அடையாளம் மட்டுக்கட்டலாம்.'

எழுதினேன். ஏழு மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். அண்ணாவின் இடது புருவத்தில் தழும்பு எப்படி வந்தது? பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் அடித்தார்? மெசினின் தலையை ஏன் கொண்டுவந்தீர்கள்? அவன் கேட்டான், நான் எழுதினேன். பதினொன்று எண்ணுகிறதை எழுதினேன். ஒன்பதில் விழுந்ததை எழுதினேன். பத்து வருடமாக என்னிடம் ஒருவரும் இவ்வளவு கேட்டதில்லை. எழுதி முடித்து வெளியே வரும்போது நெஞ்சு லேசாக இருக்கும். அவனை என் சொந்தத் தம்பியாகவே நினைத்தேன். சாப்பிட்டியா, குளிருக்குச் சட்டை இருக்குதா என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

2006 ஆடியில் அவன் நின்றுவிட்டான். நான் ஆறு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அடுத்த மாசியில் வேறொருத்தியிடமிருந்து கடிதம் வந்தது. அதே இணையத்தளத்தில் என் பதிவைப் பார்த்தவள். ஒரு குளிர் நாட்டில் இருக்கிறாள். எந்த நாடு என்று எழுத மாட்டேன், காரணம் பின்னால் வரும். அவள் எழுதியது இதுதான்: 'உங்கள் அண்ணா எங்கள் நகரத்தில்தான் இருக்கிறார்! அகதியாய் வந்து அனுமதியும் கிடைத்துவிட்டது. அவருக்கு நான்தான் பத்திரங்கள் நிரப்பிக் கொடுத்தனான். பெயர், தகப்பன் பெயர், ஊர், கிணற்றடி, எல்லாம் ஒன்றுதான்.'

வியாழக்கிழமை காலை ஒன்பதரை. ஷாகுல் பாய் கடையில் நின்று அழுதேன். பாயும் அழுதார். அன்றைக்குத்தான் அலுவலர் முகாமுக்கு வந்திருந்தார். நான் ஓடினேன். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் படிவத்தை எடுத்தார். 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்கிற கட்டத்தில் கோடு போட்டார். கையெழுத்துக் கேட்டார்.

அண்ணாவின் குரலை நான் இன்னும் கேட்கவில்லை. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுத்தால் மூன்று மாதம். போட்டேன். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகாமில் டொஃபி கொடுத்தேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒன்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. அந்தப் பெண் அனுப்பிய நம்பர். பாய் பூத்தின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மணி ஐந்து தரம் அடித்தது. எடுத்தார்கள்.

"அண்ணா!" என்று கத்தினேன். "அண்ணா, நான்தான்!"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். இளங்குரல்.

"அக்கா."

எனக்கு விளங்கிவிட்டது. அண்ணா எனக்கு ஐந்து வயது மூத்தவன். என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் ஊரான்.

"அக்கா, வைச்சிடாதேங்கோ. நான் செய்தது பிழைதான். நான் உங்களுக்கு எழுதேக்க இஞ்ச வாற வழியில நிண்டனான், ஆக்களைக் களவாய் அனுப்புற ஏஜென்சிக்காரன் ஒரு அறையில அடைச்சு வைச்சிருந்தவன். இஞ்ச வந்து இறங்கினவுடன என்ன நடந்தது எண்டு கேட்டாங்கள். எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்ல, அக்கா. என்ர கதையில ஒண்டும் இல்ல. வெறுங்கையோட போனவனையெல்லாம் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். நான் உங்கட கதையைச் சொன்னன். பதினொண்டு எண்ணினது, அம்மான்ர ஒற்றைச் செருப்பு, எல்லாம் சொன்னன். அந்த ஆபிசர் அழுதவர்."

ஆபிசர் அழுதாராம்.

"என்ர அம்மாவை என்னெண்டு உன்ர அம்மா எண்டு சொன்னனீ?" என்று கேட்டேன். "உன்ர அம்மா உயிரோட இருக்கேக்க?"

அவன் அழுதான். அழுதுகொண்டே இன்னொன்று கேட்டான். இணையத்தளத்தில் இருக்கிற என் பதிவை அழித்துவிட வேண்டுமாம். யாராவது கண்டுபிடித்தால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பாய் ரிசீவரை வாங்கி வைத்தார். விஷயம் கேட்டார். சொன்னேன்.

"அடப்பாவி!" என்றார். "உடாதம்மா அவன. எய்திப் போடு. பேரு, ஊரு, அட்ரஸ், அல்லாத்தையும் எய்திப் போடு. செத்தவங்கள திருடறவன் இன்னா மனுசன்? நீ சொல்லு, நானே டைப் அடிக்கிறேன்."

அன்றைக்கு எனக்கும் அதுதான் தோன்றியது. அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. இப்போதும் சில நாள் இருக்கிறது.

மூன்று மாதம் காத்திருந்தேன். அலுவலர் வந்தார். என் அண்ணா கிடைக்கவில்லை, மறுபடி தேடுங்கள் என்றேன். அவர் கோப்பைப் பார்த்தார். கண்டுபிடிக்கப்பட்டார் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். திறக்கலாம், ஆனால் அங்கே இருக்கிறவர் உங்கள் அண்ணா இல்லை என்று எழுத வேண்டும். ஆதாரத்தோடு. அந்தத் தாள் அந்த நாட்டுக்குப் போகும். அவர்கள் விசாரிப்பார்கள். பிறகு தேடலாம் என்றார். நல்ல மனிதர். குரலைக்கூட உயர்த்தவில்லை. புதுப் படிவம் ஒன்று தந்தார்.

அங்கே மறுபடி செல்லடி தொடங்கியிருந்த காலம் அது. முகாமில் எல்லார் வீட்டு ரேடியோவிலும் அதுதான். அவனைத் திருப்பி அனுப்பினால் அதற்குள்தான் அனுப்புவார்கள். அடுத்த ஊர்க்காரன். அவன் வீட்டிலும் கிணறு இருக்கும். நான்கு தரம் பேனாவை எடுத்தேன். நான்கு தரமும் அண்ணாவின் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் அவனைப் பற்றி எழுத வேண்டும். கை ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் புதுத் தாள் கேட்டு வாங்கினேன். அவனை மன்னித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. ஒருவனைச் செல்லடிக்குள் அனுப்பிவிட்டு மணி பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். இணையத்தளப் பதிவையும் அழித்தேன். பாய் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

இதை எழுதுகிற இன்று 2008. மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இந்தமுறை ஊரின் பெயர் இல்லை. எங்கள் ஒருவரின் பெயரும் இல்லை. எழுதினால் அவனைப் பிடித்துவிடுவார்கள்.

இனிக் கணக்கு.

வீடு ஒன்று. கிணறு ஒன்று. ஆடு இரண்டு, அவிழ்த்துவிட்டு வந்தோம். தையல் மெசினின் கால் பாகம் வீட்டில், தலைப்பாகம் கடற்கரையில், படகில் இடமில்லை என்று இறக்கிவிட்டார்கள். நான் படித்த பத்தாம் வகுப்பு.

அம்மா. வயது நாற்பத்திரண்டு. அடக்கம் செய்யவில்லை.

அப்பா. வயது ஐம்பத்தைந்து. கும்மிடிப்பூண்டியில் எரித்தோம்.

அண்ணா. வயது பத்தொன்பது. உடலைக் கண்டவர் இல்லை.

போன வாரம் முகாமில் ஆள் எண்ண வந்தார்கள். குடும்ப அட்டையைப் புதிதாக எழுதினார்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார்கள். இருப்பவர் ஒருவர். இறந்தவர் இருவர். வெளிநாட்டில் ஒருவர். காணாமல் போனவர் யாரும் இல்லை.

சரி என்று கையெழுத்துப் போட்டேன்.