நாலு வரிச் சாட்சி

இல்லண்ணே, வால்வு நல்லாத்தான் இருக்கு, ஓட்டைதான். நேத்து சாயங்காலம் காத்தடிச்சு வெச்சேன், காலையில பாத்தா கவுத்துப்போட்ட சட்டி மாதிரி கிடக்கு. தொட்டியில அமுக்கிப் பாத்தீங்கன்னா தெரிஞ்சுடும். இப்பவே இல்ல, நீங்க அந்தச் சக்கரத்துல கோணல் எடுத்து முடிங்க, எனக்கு அவசரம் இல்ல. இந்த டயர் மேல உக்காந்துக்கவா? உக்காந்துட்டேன்.

பந்துக்கு ஒட்டுப் போடறதில்லையா? எப்பலேருந்து? போன மாசம் வரைக்கும் உங்க பொண்ணுகிட்ட குடுத்தனுப்பினா அரை மணி நேரத்துல ஒட்டி, துடைச்சு, பளபளன்னு வந்துடுமே. இப்ப அவ மைதானத்துக்கு வர்றதில்ல. அதனால நானே தூக்கிட்டு வந்தேன். ஆமா, நான்தான் அந்தக் கோச்சு. வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பத்துலேருந்து வந்து உங்க பொண்ணுங்களுக்குக் கால்பந்து சொல்லிக்குடுக்கற மிஷன்காரி. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க, பரவாயில்ல. காது இந்தப் பக்கம்தான் இருக்கு.

மதம் மாத்தத்தானே வந்தேன்னு கேக்கறீங்க. நேராக் கேட்டதுக்கு தேங்க்ஸ்ணே. இந்த எட்டு மாசத்துல ஒருத்தரும் நேராக் கேக்கல, எல்லாரும் முதுகுக்குப் பின்னாலதான். ஆமா, அதுக்குத்தான் அனுப்பினாங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது. எத்தனை பேரை மாத்தினேன்னு கேளுங்க. ஒருத்தியை. வலது காலால மட்டுமே அடிச்சிட்டு இருந்தா, இப்ப இடது காலாலயும் அடிக்கறா. அவ்வளவுதான் என் ஊழியம்.

சிரிக்கலையா. சரி.

இந்தப் பந்தைப் பாருங்களேன். அஞ்சு கலர். நீங்க இதை விளையாடற பந்துன்னு நினைச்சிருப்பீங்க. இது பிரசங்கம்ணே. கறுப்பு பாவம், சிவப்பு ரத்தம், வெள்ளை சுத்தமான மனசு, பச்சை வளர்ச்சி, மஞ்சள் பரலோகம். ஆட்டம் பாதியில நிக்கும்போது பிள்ளைங்களை வட்டமா உக்கார வெச்சு, ஒவ்வொரு கலராத் தொட்டுக் காட்டிக் கதை சொல்லணும். வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் முகாம் போட்டுச் சொல்லிக்குடுத்தாங்க. நாலு நாள் ஜெபம், ரெண்டு நாள் இந்தக் கலர், கடைசி நாள் மத்தியானம் மழை வரலைன்னா கால்பந்து. மழை வந்துடுச்சு.

நானும் சொன்னேன்ணே, முதல் வாரம். தொண்டை கட்டற அளவுக்குச் சொன்னேன். முடிச்சதும் ஒரு பொண்ணு கேக்கறா, அக்கா, பரலோகத்தைக் காலால உதைக்கலாமான்னு. நான் யுனிவர்சிட்டியில விவாதப் போட்டிக்குப் போனவ, எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசி ஜெயிப்பேன். அன்னிக்கு விசிலை ஊதி ஆட்டத்தைத் திருப்பி ஆரம்பிச்சுட்டேன். அந்தக் கேள்வி கேட்டது யாரு தெரியுமா? பல்லி.

பல்லின்னா உங்க பொண்ணுதான். ஐயோ, திட்டு இல்லண்ணே. டீம்ல எல்லாருக்கும் ஒரு பட்டம் உண்டு. இவ கோல்கீப்பரா, கம்பத்தோட ஒட்டிக்கிட்டு அசையாம நிப்பா. ஆளு தூங்கறான்னு நினைச்சு அடிப்பாங்க. சடக்குனு பாஞ்சு பிடிச்சிடுவா. வீட்ல சொல்லலையா? அவளே வெச்சுக்கிட்ட பேருதான். எனக்கு என்ன பட்டம்னு கேக்காதீங்க, ரேடியோ.

ரேடியோவை நிறுத்தச் சொல்றீங்க. நிறுத்தறேன், விஷயத்துக்கு வந்துட்டு நிறுத்தறேன்.

அந்தப் படம். பக்கத்துல மருந்துக்கடைக்காரர் போன்ல காட்டினாராமே. எங்க தலைமை ஆபீஸ் மாசாமாசம் விடற பத்திரிகை அது. உங்க பொண்ணு முட்டி போட்டு, கண்ணை மூடி, ரெண்டு கையையும் வயித்தோட சேத்து வெச்சு, தலை குனிஞ்சு இருக்கா. பின்னால சூரியன் வேற கரெக்டா இறங்குது. பாத்தா யாருக்கும் கண்ணு கலங்கும். கீழ நாலு வரி, அவளே சொன்ன மாதிரி. நான் பயத்துல வாழ்ந்தேன், இந்த மைதானத்துல எனக்கு ஒரு புது அப்பா கிடைச்சார், என் வாழ்க்கை மாறிடுச்சு, எனக்காக ஜெபிங்க.

தெரியும்ணே. எங்க ஆளுங்க பாஷையில அது கடவுள், ஆனா அந்தப் புது அப்பாங்கற இடம்தான் உங்களுக்கு ஆறலைன்னு தெரியும். இருக்கற அப்பனுக்கு என்னடி குறைச்சல்னு கேட்டீங்களாம். அவ சொல்லல, எதிர்வீட்டுப் பொண்ணு எங்க டீம்ல ரெண்டாவது கோல்கீப்பர், அவ சொன்னா. அன்னிக்குக் கேட்டதோட சரி, அதுக்கப்புறம் நீங்க உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லையாமே. அவ முன்னாலயே அவங்கம்மாகிட்ட சொல்றீங்களாம், உன் பொண்ணைக் குளிக்கச் சொல்லு, உன் பொண்ணை விளக்கை அணைக்கச் சொல்லுன்னு. பதினாலு வயசுப் பொண்ணுண்ணே. ரெண்டு அறை குடுத்திருந்தாக்கூட அழுதுட்டுத் தூங்கியிருப்பா.

தப்பு, அறையக்கூடாது. அதைச் சொல்லல. பேசாம இருக்கறது அதைவிட மோசம்னு சொல்றேன். எனக்குக் கோவம் வருதுண்ணே, நான் வாதாட வரல, ஆனா வாதாடாம எனக்குப் பேச வராது.

அந்தப் படம் ஜெபம் இல்ல. அவ சொன்னாளே, பந்து வயித்துல அடிச்சு மூச்சு நின்னுபோச்சுப்பா, அதான் முட்டி போட்டேன்னு. அது உண்மை. அடிச்சதே நான்தான். பெனால்டி எப்படித் தடுக்கணும்னு காட்டறேன்னு சொல்லி, யுனிவர்சிட்டி டீம்ல ஆடின திமிர்ல இழுத்து ஒண்ணு விட்டேன். அவ தடுத்தா. கையால இல்ல, வயித்தால. அப்படியே முட்டி மடங்கி உக்காந்துட்டா. அரை நிமிஷம் மூச்சு வரல, பேச்சு வரல. மத்த பொண்ணுங்க எல்லாம் சிரிக்குதுங்க, பல்லி செத்துப்போச்சுன்னு. நான் ஓடிப்போயிருக்கணும். கையில போன் இருந்துச்சு, வெளிச்சம் அழகா இருந்துச்சு, ஒரு படம் எடுத்துட்டு அப்புறம் ஓடினேன். அரை நிமிஷம் கழிச்சு எழுந்து அவ பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா? கோல் இல்லைல்லன்னு கேட்டா.

ஆமா, படம் எடுத்தது நான்தான். அதை மறைக்கல.

எழுதினது யாருன்னா... அதுக்குத்தாண்ணே வர்றேன். முதல்ல இந்தச் சாட்சிங்கறது என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். மாசம் முடிஞ்சா ஆபீஸுக்கு ஒரு படிவம் போகணும். எத்தனை பிள்ளைங்க வந்தாங்க, எத்தனை பேர் கதை கேட்டாங்க, எத்தனை பேர் மனசு மாறினாங்க. கடைசிப் பெட்டி, ஒரு சாட்சி, அதாவது மனசு மாறின ஒருத்தர் தன் வாயால சொன்ன கதை, படத்தோட. அந்தப் பெட்டியைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்கிக்காதுண்ணே, சிவப்பா எரியும். ஒருத்தியும் மாறல, ஆனா பதினெட்டுப் பொண்ணுங்க மழையில கூட வர்றாங்க, அதுல மூணு பேருக்கு வீட்ல ஷூ இல்ல, வெறுங்கால்ல ஓடறாங்கன்னு எழுதறதுக்கு அதுல இடமே கிடையாது. நான் மூணு மாசம், தங்கியிருக்கற ஹாஸ்டல்ல வார்டன் அம்மா நாய்க்குட்டி வளத்த கதையை எல்லாம் சாட்சின்னு எழுதி அனுப்பிச்சேன். நாலாவது மாசம் அங்கிள் போன் பண்ணிட்டார். அங்கிள்னா பொறுப்பாளர், எழுபது நாட்டுக்கு ஆள் அனுப்பறவர். தங்கச்சி, நாய்க்கு ஆத்துமா உண்டான்னு இன்னும் முடிவாகல, மனுஷங்களைப் பாருங்கன்னார்.

கர்த்தர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணே. நான் இன்னும் ஜெபம் பண்றவதான், நம்புங்க நம்பாட்டிப் போங்க. அவருக்கு மார்க்கெட்டிங் மேனேஜர் வெச்சிருக்காங்க பாருங்க, அவங்க மேலதான் எரியுது. அதுல நானும் ஒருத்தி. அதான் பெரிய எரிச்சல்.

அந்தப் பத்திரிகை வந்ததும் நான் ஆபீஸோட மூணு நாள் சண்டை போட்டேன். படத்தை எடுங்க, இந்தப் பொண்ணு அப்படி எதுவும் சொல்லலன்னு. அங்கிள் சொல்றார், எண்பது சபையில அந்தக் குழந்தை பேரைச் சொல்லி ஜெபிக்கறாங்கம்மா, இப்ப போய் இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு. அந்த ஜெபத்தை எல்லாம் விலாசம் மாத்தி வேற யாருக்காவது அனுப்பிடுங்களேன்னு கேட்டேன். போனை வெச்சுட்டார்.

பந்தைத் தொட்டியில அமுக்கிட்டீங்களா, குமிழி வருது பாருங்க, கறுப்புப் பக்கம். பாவத்துலதான் ஓட்டை. நான் என்ன பண்ண.

ஆமா, ஞாயித்துக்கிழமை மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கற தேர்வு இருக்கு. அவ சொன்னாளா? ஓ, போர்டுல பாத்தீங்களா. கையெழுத்து வாங்கத்தான் இவ்வளவு சுத்தி வளைக்கறேன்னு நினைக்கறீங்க. படிவம் பையிலதான் இருக்கு, பொய் சொல்லல. அவ போனா எடுத்துடுவாங்க, அதுவும் பொய் இல்ல. இந்தச் சுத்து வட்டாரத்துல அவ்வளவு தூரத்துக்குக் கை நீளற கீப்பர் கிடையாது. ஆனா நீங்க போட வேண்டாம்ணே. போடணும்னா நாளைக்கு, நாளன்னிக்கு, உங்களுக்குத் தோணினாப் போடுங்க. இன்னிக்கு வேண்டாம். இன்னிக்கு வாங்கினா நான் அதுக்குத்தான் வந்தேன்னு ஆயிடும்.

நேத்து ராத்திரி அங்கிளுக்கு மெயில்ல ஒரு கடிதாசி எழுதினேன். காலையில பாத்தா படத்தை எடுத்துட்டாங்க. என்னையும் எடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்ப டிக்கெட்.

சந்தோஷப்படறதுன்னா படுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.

ஏன் அனுப்பறாங்களா? அவங்க பக்கம் நியாயம் இருக்குண்ணே. அந்த நாலு வரியை எழுதினது நான்தான்.

ஆபீஸ்ல யாரும் எழுதல, அதைத்தான் கடிதாசியில ஒத்துக்கிட்டேன். நான்தான். மாசக் கடைசி நாள், ஹாஸ்டல்ல துணி துவைக்கற ரூம்ல, மெஷின் மேல போனை வெச்சுக்கிட்டு. பெட்டி சிவப்பா எரியுது, கையில இந்தப் படம் இருக்கு. மெஷின் பிழிஞ்சு முடிக்கறதுக்குள்ள எழுதிட்டேன். புது அப்பான்னு போட்டா ஆபீஸ்ல யாராவது அழுவாங்கன்னு தெரிஞ்சேதான் போட்டேன். உங்க பொண்ணு வாயிலேருந்து அதுல ஒரு எழுத்து வரல. அவ வீட்ல பயந்து வாழறவளா, அப்பாவோட எப்படி இருக்கான்னு எனக்கு எதுவும் தெரியாது. நான் கேட்டதே இல்ல. அவ உங்களைப் பத்தி ஒரே ஒரு தடவைதான் என்கிட்ட சொல்லியிருக்கா. எங்கப்பா ஒட்டினா அந்த இடம் மறுபடி போகாது அக்கான்னு, பந்தைக் குடுக்கும்போது.

திட்டுங்கண்ணே. ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டீங்க, அது வரைக்கும் நல்லது.

இன்னும் ஒண்ணு இருக்கு. அவளுக்கு இது தெரியும். மருந்துக்கடைக்காரர் காட்டின அன்னிக்கே மூச்சு வாங்க ஓடி வந்தா, அக்கா யாரு இதை எழுதினது, அப்பா கேக்கறாருன்னு. நான்தான்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்ட கையோட, அப்பாகிட்ட என் பேரைச் சொல்லிடாதேடி, சொன்னா எல்லா அப்பாவும் பொண்ணுங்களை நிறுத்திடுவாங்க, டீமே போயிடும், மூணு நாள்ல நானே வந்து சொல்லிடறேன்னேன். சரிக்கான்னு தலையை ஆட்டிட்டுப் போனா. மூணாவது நாள் இந்தத் தெரு முனை வரைக்கும் வந்தேன். நீங்க ஒரு சைக்கிளைக் கவுத்துப்போட்டு யாரையோ கத்திக்கிட்டு இருந்தீங்க, திரும்பிட்டேன். அதுக்கப்புறம் அவங்கம்மா கேட்டிருப்பாங்க, நீங்க கேக்காம கேட்டிருப்பீங்க, பின்ன யாருடி எழுதினதுன்னு. என் பேரைச் சொல்லியிருந்தா அடுத்த நிமிஷம் நீங்க அவகிட்ட பேசியிருப்பீங்க. பதினோரு நாளா அவ சொல்லல.

எங்கண்ணே கிளம்பிட்டீங்க. ஸ்கூல் விட இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

சரி, போங்க. கடையை நான் பாத்துக்கறேன். கையை மட்டும் துடைச்சிட்டுப் போங்கண்ணே, முழங்கை வரைக்கும் கிரீஸ்.