நொத்தாரிசு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கோட்டைக்குப்பத்துக்காரி, காலடியில் நண்டுக்கூடை வைத்திருந்தாள். மற்றவள் இலங்கையின் மன்னாரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள்.

“நொத்தாரிசைப் பாக்கப் போறன்” என்றாள் மன்னார்க்காரி.

“அது இன்னாக்கா?”

“வீட்டுப் பத்திரம் எழுதி உறுதிப்படுத்துற ஆள். நீங்கள் நோட்டரி எண்டு சொல்லுறியள். எங்களுக்கு அது ஒல்லாந்தர் தந்த சொல்லு. இஞ்ச கல்லறையில படுத்திருக்கினமே, அந்த டச்சுக்காரர்தான்.”

“எங்கூர்லயே செத்தாங்க, எங்களுக்கு அதைத் தர்லியே.”

“தந்திருந்தா போன கிழமை கோர்ட்டு வாசலில நொத்தாரிசு எங்கை எண்டு நான் கேக்க, அங்க நிண்ட ஆக்கள் சிரிச்சிருக்க மாட்டினம்.”

“இன்னிக்கு நோட்டரின்னே சொல்லிடுக்கா.”

“மாட்டன். அம்மா வீட்டில பங்கு வேண்டாமெண்டு எழுதித் தரச் சொல்லுறான் தம்பி. வேணுமெண்டு எழுதிக்குடுக்கத்தான் போறன். பங்கையும் விடன், சொல்லையும் விடன்.”

பொன்னேரியில் நானும் இறங்கினேன். நண்டுக்காரி மார்க்கெட் பக்கம் திரும்பவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் முன்னால் நடந்தாள்.

“வாக்கா. எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்குறேன்.”