சரியா அறுபது

– அந்த அறுபதை எப்படி எண்ணினீங்க, அதை மட்டும் சொல்லுங்க சிஸ்டர்.

– எப்படி எண்ணுவாங்க, ஒண்ணு ரெண்டுனுதான். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் குழந்தைங்க மானிட்டர்ல லைட் எரியும். ஆனா நெஞ்சுத்துடிப்பு வர்ற இடம் காலியா இருக்கும். அது வர்ற வரைக்கும் குழந்தை நெஞ்சுல ரெண்டு விரல், கண்ணு வாட்ச்ல. இந்த வார்டுல பத்தொன்பது வருஷம் ஆச்சு இன்ஜினியரம்மா, கை தானா போயிடும்.

– கரண்ட் போன பதினொரு தடவையும் அறுபது செகண்டா?

– ஐம்பத்தொன்பதும் இல்ல, அறுபத்தொண்ணும் இல்ல. அதை நோட்டுல எழுதி வச்சதுக்குக் கிடைச்ச பரிசு, பொய்ப்புகார்னு ஒரு மெமோ. இன்னைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. முடிஞ்ச கையோட ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவாங்க. அங்க போய் பேப்பர் கட்டுக்கு நாடி பிடிச்சுப் பார்க்க வேண்டியதுதான்.

– போன வாரம்தான் உங்க நோட்டு என் கைக்கு வந்துச்சு. படிச்சுட்டு அசந்துட்டேன்.

– எண்ணத் தெரிஞ்சதுக்கா?

– சிரிக்காதீங்க. அதாவது, மெஷின் தானா மந்தமாகுதுனு வைங்க, ஒரு நாள் ஐம்பது ஆகும், ஒரு நாள் எழுபது ஆகும். தவறாம அறுபதுனா, யாரோ உக்காந்து ‘அறுபது செகண்ட் காத்திரு’ன்னு எழுதி வச்சிருக்காங்கனு அர்த்தம். எதுக்குக் காத்திருக்குனு தேடினேன். ஒரு மணி நேரத்துல சிக்கிடுச்சு. எங்க ஆபீஸ்ல பதினாறு இன்ஜினியர் இருக்கோம் சிஸ்டர், ஒருத்தர் புத்திக்கும் இது எட்டல.

– அப்படி எதுக்குத்தான் காத்திருந்துச்சாம்?

– துடிப்பை அளக்கிற போர்டுக்குள்ள ஓட ஒரு சின்ன புரோகிராம் வேணும், ஃபர்ம்வேர்னு பேரு. மெஷினைப் போட்டதும் முதல்ல முழிக்கிறது கெர்னல், மத்த எல்லாத்தையும் ஓட்டுற அடிப்படை புரோகிராம். அது எடுத்த எடுப்புலயே ஃபர்ம்வேர் எங்கனு கேக்குது. ஃபர்ம்வேர் டிஸ்க்குக்குள்ள இருக்கு. டிஸ்க்கை அது இன்னும் திறக்கவே இல்ல.

– பீரோ சாவியை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க.

– அதேதான். அறுபது செகண்ட் பார்த்துட்டுக் கைவிட்டுடும். அப்புறம் டிஸ்க்கைத் திறந்து மறுபடி கேக்கும், உடனே கிடைச்சிடும். அதனால எப்ப வந்து பார்த்தாலும் எல்லாம் ஒழுங்கா ஓடுற மாதிரிதான் தெரியும்.

– வந்து பார்த்தாங்களாக்கும். ஆறு மாசத்துல மூணு தடவை புகார் எழுதினேன். மூணு தடவையும் எங்கயோ உக்காந்துக்கிட்டு ‘குறை ஏதும் இல்லை’ன்னு உங்க கம்பெனில இருந்து அறிக்கை. ஒருத்தர்கூட இந்த வாசப்படியை மிதிக்கல. யாரு பெத்த புள்ளையோ, நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும்.

– கேக்கணும் சிஸ்டர். நல்லாக் கேளுங்க.

– சரி, இப்ப என்ன பண்ணினீங்க?

– கெர்னலைப் புதுசா பில்ட் பண்ணினேன், அதாவது முதல்ல இருந்து திரும்பக் கட்டினேன். பண்றதுக்கு முன்னாடி, உள்ள என்னென்ன சேரணும்னு சொல்ற கான்ஃபிக் ஃபைல்ல ஃபர்ம்வேர் ஃபைலோட பேரையும், அது இருக்கிற ஃபோல்டரையும் எழுதினேன். இப்ப அது கெர்னலுக்குள்ளயே இருக்கு. முழிக்கும்போதே கையோட இருக்கும், டிஸ்க்கை எதிர்பார்க்க வேண்டாம்.

– ரெண்டு வரி. இதுக்கா ஆறு மாசம்?

– எழுத அரை நிமிஷம்தான். எங்க எழுதணும்னு சொன்னது நீங்க. இதே மானிட்டர் இன்னும் நூத்தி நாற்பது ஆஸ்பத்திரில இருக்கு. எல்லாத்துக்கும் இது போகுது.

– இதுல வினை ஒண்ணும் இல்லையே?

– ஒண்ணு இருக்கு. நாளைக்குப் புது ஃபர்ம்வேர் வந்தா டிஸ்க்ல போட்டா மட்டும் போதாது, கெர்னல் உள்ள இருக்கிற பழசைத்தான் எடுக்கும். திரும்ப பில்ட் பண்ணணும்.

– அதைக் கொட்டை எழுத்துல எழுதி வைங்க. நாளைக்கு இன்னொருத்தி மண்டையை உடைச்சுக்கக் கூடாது.

– எழுதிட்டேன். மூலைக் கட்டில் காலியா இருக்கு, அந்த மானிட்டர்ல புதுசு ஏத்தியிருக்கேன். சென்சரை உங்க விரல்ல மாட்டிக்கங்க. ஸ்விட்சை அணைச்சுப் போடுறேன், லைட் வந்ததும் எண்ணுங்க.

– ம், வந்துடுச்சு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. அடி ஆத்தி. தொண்ணூத்தாறு காட்டுது.

– உங்க துடிப்புதான். கொஞ்சம் வேகமா இருக்கு.

– இருக்காதா பின்ன? மணி பத்து ஐம்பது. ஆனா ஒண்ணு, எனக்கு இது போதும். இனிமே எந்த ரூம்ல போட்டாலும் நிம்மதியாத் தூங்குவேன். நீ நல்லா இருக்கணும்மா.

– வாங்க, நானும் கூட வர்றேன்.

– உனக்கு எதுக்கு வீண் பொல்லாப்பு? உங்க கம்பெனி அறிக்கை தப்புன்னு நீயே போய்ச் சொன்னா உன் பொழப்புல மண்ணு விழும்.

– காலைல எட்டு மணிக்கே எழுதிக் கொடுத்துட்டேன் சிஸ்டர். பதினோரு மணி விசாரணை இப்ப உங்க மேல இல்ல. அந்த மூணு அறிக்கையையும் எழுதினது நான்தான்.