நாற்பத்தொன்பது கிராம்

இந்த மவுஸின் எடை நாற்பத்தொன்பது கிராம். பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, தராசும் அதையேதான் காட்டுகிறது. பெட்டியும் தராசும் ஒத்துப்போவது அபூர்வம் என்று நம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒயர் இல்லாதது, விளையாடுகிறவர்களுக்கென்றே செய்தது. ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். குறை கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

போன நாலைந்து மதிப்புரைகளுக்கும் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். மவுஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "தராசு அக்கா எங்கே?" "அக்கா கை வைக்காம இது என்ன மதிப்புரை?" "நீங்க எழுதுறதெல்லாம் சரி சார், அக்கா என்ன சொன்னாங்க?" பத்து வருஷமாக இங்கே ஒவ்வொரு வரியையும் எழுதுகிறவன் நான். அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. இருக்கட்டும். இன்றைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மவுஸையும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டும் ஒரே விஷயம்தான்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தராசு அக்கா என் மனைவி. அந்தப் பெயரை வைத்தது நீங்கள். கண்ணை மூடிக்கொண்டு மவுஸை மேசையில் இரண்டு இழுப்பு இழுப்பாள், ஒரு தடவை தூக்கி வைப்பாள், "அறுபத்திரண்டு" என்பாள். தராசில் வைத்தால் அறுபத்திரண்டு இருக்கும். பேட்டரி நடுவில் இருக்கிறதா, பின்பக்கம் தள்ளி இருக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடுவாள். அந்த வீடியோக்களைப் பார்க்கத்தான் நீங்கள் வந்தீர்கள். அக்கம்பக்கத்தில் எங்களுக்கு எலிக்காரர்கள் என்று பெயர். எனக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு, எலிக்காரி வீட்டுக்காரர்.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் கைக்குப் பட்ட எடையை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவாள். நான் தராசில் வைத்து எண்ணைச் சொல்வேன். பிறகு நான் எழுதுவேன். எழுதியதை அவள் படிப்பதில்லை, "எனக்குத் தெரிஞ்சதுதானே, அதை வேற படிக்கணுமா" என்பாள். தினமும் காலையில் நூறு கிராம் பித்தளைக் கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்வது என் பொறுப்பு. பெட்டி பொய் சொல்லும், தராசு சொல்லாது என்று இந்தத் தளத்தின் தலைப்பிலேயே போட்டிருக்கிறோம். அதை எழுதியவனும் நான்தான்.

பொத்தான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடதும் வலதும் ஒரே அழுத்தத்தில் ஒரே சத்தத்தில் இறங்குகின்றன. உருளையில் தடுமாற்றம் இல்லை. பக்கச்சுவரை அழுத்திப் பிடித்தாலும் நெறுநெறுப்பு இல்லை. இவ்வளவு மெல்லிய ஓட்டில் இது சுலபமில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து நூறு மாதிரிகளைக் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த யாரோ ஒருவராக இருக்கச் சொல்லி அவளுக்குத்தான் கடிதம் வந்தது. போன வருஷம், இதே நிறுவனத்திடமிருந்து. இரண்டு வருஷம் அவர்கள் ஊரில், அவர்களுடைய வடிவமைப்பு அறையில் வேலை. கடிதம் முழுக்க அவள் கையைப் பற்றித்தான். கடைசியில் ஒரு வரி: குடும்பத்தினர் உடன் தங்கவும் வசதி செய்து தரப்படும். அந்தக் குடும்பத்தினர் நான்.

"நீங்களும் வாங்க. அங்கேருந்தும் எழுதலாமே," என்றாள்.

"பார்க்கலாம்," என்றேன்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றிருப்பாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்காக நின்றாள் என்றல்லவா ஆகும். காலம் பூராவும் அந்த உபகாரத்தைச் சுமந்துகொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. அவளாகவே நின்றால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

கேமரா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன். சரிசெய்யும்போது கல்லோடு ஒரு சின்னத் திருகாணியைச் சேர்த்து வைத்தால், இரண்டையும் சேர்த்தே நூறு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்கத் தராசு குறைத்துக் காட்டும். இன்னொரு கல்லை அடியில் அரம் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன், அதை வைத்தால் கூட்டிக் காட்டும். எல்லா நாளும் ஒரே பக்கம் தப்பினால் அவள் தராசைச் சந்தேகப்படுவாள். ஆகவே ஒருநாள் கூட்டினேன், ஒருநாள் குறைத்தேன், நடுவில் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் விட்டேன். அவள் சரியாகச் சொன்ன நாட்களில் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் தடவை தப்பியபோது சிரித்தாள். "தூக்கக் கலக்கம்," என்றாள். மூன்றாவது தடவை, "பெட்டியில என்ன போட்டிருக்கான் பாருங்க," என்றாள். பெட்டியில் இருந்தது அவள் சொன்ன எண்தான். "பெட்டியை என்னைக்கு நாம நம்பியிருக்கோம்," என்றேன். அவளும் தலையாட்டினாள். ஏழாவது தடவைக்குப் பிறகு வீடியோ வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பத்தாவது தடவை தப்பிய அன்றைக்கு மத்தியானம், கை தப்புகிறது, வர இயலாது என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

வாசகர்களாகிய உங்களுக்கு நான் ஒரு கிராம்கூடப் பொய் சொன்னதில்லை, இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அவள் எழுந்துபோன பிறகு நல்ல கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்து, மறுபடி எடை போட்டு, உண்மையான எண்ணைத்தான் கட்டுரையில் போட்டேன். தொழிலில் எனக்கென்று ஒரு நேர்மை உண்டு.

கடிதம் போனதும் நிறுத்திவிடத்தான் இருந்தேன். ஆனால் கை திரும்பிவிட்டது என்று தெரிந்தால் அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள். அதோடு, உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், தராசை மாற்றிவைத்த அந்த மூன்று மாதமும் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்டாள். "இது கனமா இருக்கா, லேசா இருக்கா? நீங்க சொல்லுங்க," என்று மவுஸை என் கையில் கொடுத்தாள். அவளுடைய உள்ளங்கையை நான் தேய்த்துவிடுவேன், சின்னப்பிள்ளை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பாள்.

கை டாக்டரிடம் போனோம். பரிசோதித்துப் பார்த்து, மணிக்கட்டில் நரம்பு லேசாக அழுந்தியிருக்கிறது என்றார். "நாள் பூரா மவுஸ் பிடிக்கிற எல்லாருக்கும் இந்த அளவுக்கு இருக்கும்மா. தொந்தரவு இல்லன்னா விட்டுடலாம். இருக்குன்னா சின்னதா ஒரு ஆபரேஷன்." அவள் என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். தேதி, அவள் சொன்னது, தராசு காட்டியது, வித்தியாசம். கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இப்படி இருக்குன்னா பண்ணிடறதுதான் நல்லது," என்றார்.

சின்ன ஆபரேஷன்தான். ஆயிரத்தில் ஒருவருக்கு நரம்புக் கிளை சேதமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கட்டுப் பிரித்தபோது கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி இல்லை. சூடு தெரியவில்லை, கூர் தெரியவில்லை. டாக்டர் வருத்தப்பட்டார், நல்ல மனிதர்.

பேட்டரி எழுபது மணி நேரம் தாங்குகிறது. அடிப்பட்டைகள் துணியிலும் மரத்திலும் ஒரே மாதிரி வழுக்குகின்றன.

வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள் இடது கையால் நம் தளத்தைப் படிக்க ஆரம்பித்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவை. ஒரு மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது மேசையில் தட்டு இல்லை. அவளுடைய நோட்டு விரித்து வைத்திருந்தது, பக்கத்தில் லேப்டாப்.

"இதுக்கு நான் அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கேன். நீங்க அறுபத்தஞ்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இங்க அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இந்த மாதிரி இருபத்தேழு இருக்கு."

நான் எண்ணிப் பார்த்ததில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அவள் கணக்கில் தப்புகிறவள் இல்லை.

மடியிலிருந்து இரண்டு பித்தளைக் கற்களை எடுத்தாள். என் மேசை இழுப்பறையைக் குடைந்திருக்கிறாள். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வலது கையில் வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல. ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு கல் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததுகூடத் தெரியாமல் கையை அப்படியே வைத்திருந்தாள்.

"இதுல எது கனம்னு நீங்களே சொல்லுங்க," என்றாள். "எனக்குத் தெரியல."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்றேன்.

அன்று சாயங்காலமே அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போனார். துணிப்பெட்டியின் பூட்டை இடது கையால் போடத் தெரியாமல் திணறினாள். உதவப் போனேன். "தொடாதீங்க," என்றாள். நான் தொடவில்லை.

இந்த மவுஸ் போன வாரம் அவள் பெயருக்குத்தான் வந்தது. கூடவே ஒரு சீட்டு: உங்கள் கை பட்டிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும், குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அவளுக்குப் பதில் நான் பிரித்தேன், நான் எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். பின்பக்கம் ஏதோ ஒன்று சரியில்லை, அதற்காக அரை குறைத்தேன். அது என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் சொல்லிவிடுவாள்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். தராசை மாற்றியது நான், தாளைக் கொடுத்தது நான், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். மைத்துனர் போனில் கத்துகிறார், என் தங்கச்சி கையை வெட்டிட்டியேடா என்கிறார். கோபத்தில் பேசுகிறார், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி பேசவேண்டும். கத்தி வைத்தவர் டாக்டர். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். நான் தராசைத்தான் மாற்றினேன், அவள் கையை ஒன்றும் செய்யவில்லை.